பிள்ளைகளோடு வேடந்தாங்கல் போகலாமா? போகலாம், ஆனால் மத்தியானம் கிளம்புங்கள்

கேள்வி இதுதான்: சென்னையில் இருக்கும் குடும்பம். 10 வயதில் ஒரு மகள், 6 வயதில் ஒரு மகன், முழங்கால் வலியோடு மாமியார். தை மாதத்தில் ஒருநாள் பறவை பார்க்கப் போக ஆசை. ஏரியும் மரங்களும் சேர்ந்த இடமாக இருக்க வேண்டும், அதிகம் நடக்கவும் கூடாது. எங்கே போகலாம், என்ன எடுத்துப் போக வேண்டும், பிள்ளைகள் சலித்துப்போய் நச்சரிக்க மாட்டார்களா?

இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வேடந்தாங்கல்தான். பழவேற்காடு அழகுதான், ஆனால் அங்கே பறவை எட்டத்தில் நிற்கும், பிள்ளைகளுக்குப் புள்ளியாகத் தெரியும். பள்ளிக்கரணை பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அது சதுப்புநிலம், நீங்கள் கேட்ட மாதிரி ஏரியும் மரமும் சேர்ந்த இடம் இல்லை. வேடந்தாங்கலில் கரைமேல் ஏறிவிட்டால் அப்புறம் சமதளம்தான். நிழல் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. முக்கியமாக, பறவை உங்கள் கண்ணெதிரே குடித்தனம் நடத்துகிறது. தேடி அலைய வேண்டாம்.

சலிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன். என் பிள்ளைகளை முதல்முறை அங்கே கூட்டிப் போனபோது எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். காலையில் ஆற அமரக் கிளம்பி, வழியில் நிறுத்தி டிபன் சாப்பிட்டு, உச்சி வெயிலில் போய் இறங்கினோம். கையில் 40 பறவைகளின் பெயர் எழுதிய தாள். ஒவ்வொன்றாகக் காட்டி, பெயர் சொல்லி, டிக் அடிக்க வைத்தேன். 20 நிமிஷம் தாங்கினான் பையன். அப்புறம், "அப்பா, ஐஸ்கிரீம் கடை எங்கே?" அவன் மேல் தப்பில்லை. நான் அவனுக்குப் பறவையைக் காட்டவில்லை, பரீட்சை வைத்தேன்.

அடுத்த முறை தாளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு மேல் போனோம். கரையில் ஓர் இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, எதிரே தண்ணீரில் நின்ற ஒரே ஒரு மரத்தைக் காட்டி, "இந்த மரத்தில் எத்தனை வீடு இருக்கு, எந்த வீட்டில் என்ன நடக்குதுன்னு மட்டும் பாருங்க" என்றேன். இருட்டும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். பட்டியல் வேண்டாம். ஒரு மரம் போதும்.

ஏரியும் மரமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஏரி ஒருபக்கம், தோப்பு ஒருபக்கம் என்று இல்லை. தோப்பே ஏரிக்குள் நிற்கிறது. ஏரி சிறியது, சுமார் 30 ஹெக்டேர். அதற்குள் நீர்க்கடம்பும் கருவேலமும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. நீர்க்கடம்பு மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். பறவைக்கு அதுதான் வேண்டும். கீழே தண்ணீர் இருந்தால் பூனை ஏறாது, நரி வராது, மனிதனும் எளிதில் நெருங்க முடியாது. கோட்டையைச் சுற்றி அகழி வெட்டிய மாதிரி. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷங்களில் கூடு கட்டுவதும் பொய்த்துவிடுகிறது. மரம் அதே மரம்தான், அகழி இல்லை.

ஆகவே கிளம்பும் முன் முதல் வேலை, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரிப்பது. வனத்துறை அலுவலகத்தில் கேட்கலாம். இல்லாவிட்டால் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிந்துவைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் முந்தின வாரம் போனவர்கள் போட்ட பட்டியலைப் பாருங்கள். அதில் கூழைக்கடா (பெலிகன்), நாரை எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் மார்கழியும் தையும் உச்சம். மாசி வரையிலும் நன்றாகவே இருக்கும்.

வழி எளிது. தாம்பரம், செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மொத்தம் 80 கிலோமீட்டருக்குப் பக்கம், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு 12 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். வார நாளில் விடுப்பு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. காணும் பொங்கல் அன்று மட்டும் தயவுசெய்து வேண்டாம், அன்றைக்குப் பறவையைவிட ஜனம் அதிகம்.

காலையில் போகலாமே என்பார்கள். போகலாம், விடியற்காலை ஆறு மணிக்கே அங்கே இருக்க முடியுமானால். ஆறு வயசுப் பையனையும் பாட்டியையும் நாலு மணிக்கு எழுப்பி வண்டியில் ஏற்றினால், போய்ச் சேரும்போது யாருக்கும் முகம் நேராக இருக்காது. மாலைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. பகலெல்லாம் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இரை தேடப் போன பறவைகள் நாலரை மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்புகின்றன. தீபாவளிக்கு ஊர் திரும்பும் கூட்டத்தைக் கிளாம்பாக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும்.

படாளத்தில் திரும்பியதும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முதல் விளையாட்டு இங்கேயே தொடங்கிவிடும்: மின்கம்பியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வால் பிளந்த கறுப்பு என்றால் கரிச்சான், நம் ஊர்களில் இரட்டைவால் குருவி என்பது அதைத்தான். பச்சையாய், சின்னதாய், திடீரென்று பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் பஞ்சுருட்டான். மங்கிய பழுப்பில் தலை பெருத்து ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். அது பறக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். இறக்கையை விரித்தால் நீலம் தெறிக்கும். பனங்காடை. என் மகள் முதன்முதலாக வாயைப் பிளந்தது ஏரியில் அல்ல, இந்தக் கம்பிக்குக் கீழேதான்.

கரைமேல் ஏறியதும் முதலில் வருவது வாசனை. மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் மீனும் நத்தையும் தின்று எச்சமிடும் இடம், மல்லிகை மணக்காது. பத்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடும். மரங்களைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். அந்த வெள்ளைதான் இந்த ஊரின் கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகள் முதலில் எல்லாவற்றையும் "கொக்கு" என்பார்கள். திருத்தாதீர்கள். "வாயைப் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். தமிழில் ஒரு வசதி, பாதிப் பறவைகளின் பெயரிலேயே அதன் ஆயுதமும் இருக்கிறது. கரண்டிவாயன் என்றால் அதன் அலகு நுனியில் உண்மையாகவே கரண்டி. அதைத் தண்ணீரில் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தலையை இடம் வலமாக ஆட்டி ஆட்டிக் குழம்பைத் துழாவுவது போல நடக்கும். ஏதாவது பட்டால் டக்கென்று மூடும். அரிவாள் மூக்கனுக்குக் கீழ்நோக்கி வளைந்த அரிவாள், சேற்றுக்குள் விட்டுப் புழுவும் நண்டும் எடுக்க. கூழைக்கடாவுக்குக் கீழலகில் ஒரு தோல்பை. மீனைத் தண்ணீரோடு சேர்த்து அள்ளும், அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு விழுங்கும். பாம்புத்தாராவுக்குக் கூர்மையான குத்தூசி. உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும்போது பாம்பேதான். மீனைக் குத்தி, மேலே தூக்கிப்போட்டு, தலை முதலில் போகும்படி பிடித்து விழுங்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நத்தைகுத்தி நாரை. அழுக்கு வெள்ளையில் கறுப்பு இறக்கை, பார்க்கச் சாதாரணம். ஆனால் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், அந்தப் பக்கத்து வானம் தெரியும். பாட்டி இதைப் பார்த்ததும் "பாக்குவெட்டி மாதிரி இருக்கே" என்பார், பந்தயம் கட்டுகிறேன். நெடுநாள் அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், நத்தை ஓட்டை நசுக்கி உடைக்கத்தான் அந்தச் சந்து என்று. உண்மையில் அது ஓட்டை உடைப்பதில்லை. கீழலகின் கூரிய நுனியை நத்தையின் வாய்மூடிக்குள் செருகி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிடுகிறது. வயல் வரப்புகளில் உடையாத நத்தை ஓடு காலியாகக் கிடந்தால், ஒன்றைப் பையன் கையில் கொடுத்து, யார் சாப்பிட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, குஞ்சுக்கு இந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் வரும். கூட்டில் நிற்பது பெரியதா சின்னதா என்று குழம்பினால் அலகைப் பாருங்கள்.

இனி அந்த ஒரு மரம். கூடு நிறைய உள்ளதாக, கரைக்குப் பக்கத்தில் இருப்பதாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஒரே மரத்தில் நாலைந்து ஜாதி குடியிருக்கும், அடுக்குமாடிதான். உச்சியிலும் வெளிக்கிளைகளிலும் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா போன்ற கனத்த ஆட்கள். உள்ளே கிளைகளுக்கு நடுவில் நீர்க்காகம், கொக்கு, வக்கா.

மஞ்சள் மூக்கு நாரையை உங்கள் மகளிடம் விட்டுவிடுங்கள். வெள்ளை உடம்பு, நெஞ்சில் கறுப்புப் பட்டை, வாலுக்குப் பக்கத்தில் ரோஜா நிறம், யாரோ தூரிகையால் பூசிவிட்டது போல. ஆண் ஒரு குச்சியைக் கொண்டுவந்து கொடுக்கும். பெண் அதை வாங்கி இங்கே செருகி, பிடிக்காமல் உருவி, அங்கே செருகும். இருவரும் கழுத்தை மேலும் கீழும் ஆட்டி அலகைத் தட்டிக்கொள்வார்கள். நாரைக்குக் குரல் அநேகமாகக் கிடையாது, அந்த 'கட கட கட' சத்தம்தான் அதன் பேச்சு. நாங்கள் உட்கார்ந்திருந்த அன்று ஒரு நாரை குச்சி தேடிப் போன சமயம், பக்கத்துக் கூட்டுக்காரர் மெதுவாகக் கழுத்தை நீட்டி அந்தக் கூட்டிலிருந்து ஒரு குச்சியை உருவித் தன் கூட்டில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தவருக்குத் தெரியவில்லை. மறுபடி போனார். மறுபடி திருட்டு. மூன்றாவது முறை என் பையன் எழுந்து நின்று, "டேய், உன் வீட்டைப் பிரிக்கிறாங்கடா!" என்று கத்திவிட்டான். கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவனை அடக்கவில்லை. பறவை பார்ப்பது என்றால் என்ன என்று அவனுக்கு அந்த நொடியில் பிடிபட்டுவிட்டது.

குஞ்சு பொரித்திருந்தால் கூழைக்கடாக் கூட்டைப் பாருங்கள். தாயோ தகப்பனோ வந்து வாயைத் திறந்ததும், குஞ்சு தன் தலையையும் கழுத்தையும் அந்தப் பைக்குள்ளேயே விட்டு இரையை எடுக்கும். முதலில் பார்க்கும் பிள்ளைகள் "ஐயோ, முழுங்குது!" என்று அலறுவார்கள். அலறட்டும். பறக்கும்போது அதே பறவையைக் கவனியுங்கள். இறக்கைக்கு இறக்கை இரண்டு மீட்டருக்கும் மேல், அதாவது அப்பா இரண்டு கையையும் விரித்து நின்றாலும் எட்டாது. அத்தனை பெரிய உடம்பு ஒரு சின்னக் கிளையில் வந்து இறங்குவதைப் பார்ப்பது, புதிதாக ஓட்டக் கற்றவர் பேருந்தைச் சந்துக்குள் நிறுத்துவதைப் பார்ப்பது போல.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்துக்கொண்டு சிலைபோல நிற்கும். மகள் காரணம் கேட்பாள். வாத்துக்கு இறகு நனையாது. இவற்றுக்கு நனையும். நனைவதால்தான் நீருக்கடியில் எளிதாக முங்கி ஓட முடிகிறது. அதற்கு விலை, வெளியே வந்து துணி காயப்போட வேண்டியிருப்பது. ஆறு வயசுக்காரனுக்கு முக்குளிப்பானைக் காட்டுங்கள், உள்ளங்கையில் அடங்கும் போலத் தெரியும் குட்டிப் பறவை. அது முங்கியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எங்கே எழும் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அவன் தோற்பான், நீங்களும் தோற்பீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சரிசெய்ய வேண்டும். கரையில் நின்றால் காதில் விழும்: "இதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருது, சைபீரியாவிலிருந்து வருது." பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வாத்தியார்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கொக்கு எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப ஏரிவிட்டு ஏரி, மாநிலம்விட்டு மாநிலம் நகரும், அவ்வளவே. கடல்கடந்தும் மலைகடந்தும் வரும் விருந்தாளிகள் வேறே. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மாதிரி வாத்துகள். அவை தண்ணீர்ப் பரப்பில் கும்பலாக மிதக்கும், மரத்தில் ஏறாது, இங்கே கூடும் கட்டாது. பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வரி போதும்: பிரசவம் பிறந்த ஊரில், குளிருக்கு மட்டும் இங்கே. வடக்கே பனி உருகும்போது அவை திரும்பிப் போய் அங்கேதான் முட்டையிடும்.

இந்த வாத்துகளை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் சற்றுத் தள்ளியிருக்கும் கரிக்கிலிக்குப் போகலாம். அதுவும் சரணாலயம்தான், சுமார் 61 ஹெக்டேர், கூட்டம் குறைவு. ஆனால் முதல் பயணத்தில் இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வண்டியில் ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும்.

கரையோர மரங்களையும் விட்டுவிடாதீர்கள். எல்லோரும் ஏரியைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோப்பு உலகமே நடந்துகொண்டிருக்கும். 'டொங் டொங் டொங்' என்று யாரோ பாத்திரம் தட்டுவது போலக் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான், ஆலும் அரசும் பழுத்திருக்கும் பக்கம் தேடுங்கள். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சருகைப் புரட்டிக்கொண்டு சண்டை போடும். மஞ்சள் மின்னலாக மாங்குயில் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நீண்ட வாலோடு வால்காக்கை, அடிமரப் புதரில் செம்போத்து. பழைய மரப் பொந்துகளைப் பாட்டி கண்ணில் படும்படி காட்டுங்கள், புள்ளி ஆந்தை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கள் வீட்டில் ஆந்தையை முதலில் கண்டுபிடித்தது என் அம்மாதான். நாங்களெல்லாம் தொலைநோக்கியோடு ஏரியைத் துழாவிக்கொண்டிருந்தோம். அவர் கால் வலிக்கிறது என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைநோக்கி பற்றிக் கொஞ்சம். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. கடன் கிடைத்தால் போதும். கடையில் 8x42 என்று எழுதியிருக்கும். எட்டு என்பது எத்தனை மடங்கு பக்கத்தில் தெரியும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று விளம்பரம் செய்வதை வாங்காதீர்கள். கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது கண்ணால் அல்ல, பிடிக்கும் விதத்தால். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பார்க்க வேண்டும். கண்ணை அதிலிருந்து எடுக்காமலே தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் செய்யும் தப்பு, குனிந்து தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு அப்புறம் பறவையைத் தேடுவது. வீட்டு மொட்டைமாடியில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்து இரண்டு நாள் பழக்கிவிடுங்கள். ஆறு வயசுக்காரனுக்கு அட்டைக் குழாய் ஒன்று கொடுத்தால் போதும். ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் கண் ஓரிடத்தில் நிற்கும். பாட்டி கண்ணாடி போட்டவர் என்றால் கண்வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிடுங்கள், கண்ணாடியோடேயே தெரியும்.

மற்றபடி தண்ணீர், தொப்பி, சாயங்காலக் கொசுவுக்குக் களிம்பு, உட்கார ஒரு பழைய போர்வை. புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போங்கள், தொட்டாலே சரசரக்கும் சிப்ஸ் பொட்டலம் வேண்டாம். வெள்ளை, சிவப்புச் சட்டையை அன்றைக்குத் தவிர்த்துவிடலாம். கழிப்பறை நுழைவாயில் பக்கம்தான், உள்ளே போகும் முன் எல்லோரும் போய்விட்டு வந்துவிடுங்கள்.

கை தட்டியோ விசில் அடித்தோ பறவையைக் கிளப்பிப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லிவையுங்கள். தாய் பயந்து எழுந்தால் கூடு திறந்து கிடக்கும். காகம் அதற்காகவே பக்கத்துக் கிளையில் காத்திருக்கிறது. ஒரு முட்டை போக அரை நிமிஷம் போதும். இந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. நாம் ஒரு மாலை வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

இப்போது அந்த வெள்ளை மரக் கதை. தாங்கல் என்றால் தொண்டை நாட்டில் சின்ன ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அந்த வழி வந்த பெயர்கள்தான். வேடந்தாங்கல், வேடன் தாங்கல். வேட்டையின் பெயரைச் சுமந்த ஊர் வேட்டையைத் தடுத்த ஊராக மாறியது. பறவை எச்சம் ஏரியில் கரைகிறது, அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது, நெல் செழிக்கிறது. உரம் போடாமலே உரம். இது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கினார்கள். அது 1798 வாக்கில். 1858இல் மறுபடியும் கேட்டுப் புதுப்பித்துக்கொண்டார்கள். சரணாலயம், வனச்சட்டம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. 2022இல் இந்த ஏரிக்கு, உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற ராம்சார் அங்கீகாரம் வந்தபோது எல்லோரும் கொண்டாடினோம். ஊர் அதற்கு 200 வருஷத்துக்கு முன்பே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டது.

உங்கள் மாமியாருக்கு இதில் ஓர் உபரி உண்டு. அதே பிளேஸ் துரைதான் மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையிலும் வருபவர். பெருமழையில் மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்தபோது, இரவில் பார்க்கப் போன துரையின் கண்ணுக்கு வில்லோடு இரண்டு வீரர்கள் கரையைக் காத்து நின்றதாகவும், கரை நின்றதும் அவர் தாயார் சன்னிதி கட்டிக்கொடுத்ததாகவும் தலபுராணமாகச் சொல்கிறார்கள். படாளத்திலிருந்து மதுராந்தகம் பக்கம்தான். பறவை பார்க்கப் போகிறோம் என்றால் "நான் எதுக்கு" என்பவர், ராமரையும் சேவிக்கலாம் என்றால் முதல் ஆளாகக் கிளம்புவார். ஆனால் கோயிலைப் போகும்போதே முடித்துவிட நினைக்காதீர்கள், மத்தியானம் நடை சாத்தியிருக்கும். திரும்பும்போது போங்கள்.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போனால், பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க ஒரு பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல். மொட்டைமாடியில் 15 நிமிஷம் நின்று பார்த்ததை எண்ணி ஈபேர்டில் போட்டால் போதும். காகம் மூன்று, மைனா இரண்டு என்றாலும் கணக்குத்தான். மகளுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, ஐந்தே காலுக்குக் கிளம்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆறு மணிக்கு மூடும்வரை இருங்கள். மேற்கே சிவந்திருக்கும்போது நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் வரிசை வரிசையாக உள்ளே வந்துகொண்டிருக்கும், இடத்துக்காக ஒவ்வொரு கிளையிலும் தள்ளுமுள்ளு. அந்த நேரம் பார்த்து, பகல் முழுக்கக் கழுத்தைச் சுருக்கித் தூங்கிக்கொண்டிருந்த வக்காக்கள் ஒவ்வொன்றாக 'குவாக்' என்று குரல் கொடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் கிளம்பும். என் பையன் அதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு நைட் ஷிஃப்டா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வண்டியில் ஏறி செங்கல்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டான்.